நாலு வார்த்தையும் ரெண்டு கதவும்

மேஜை மேல் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. ஒன்று. இந்தப் பக்கம் நின்று எண்ணினாலும் அந்தப் பக்கம் நின்று எண்ணினாலும் ஒன்றுதான். ஆனால் இங்கிலீஷில் அதை ‘திஸ்’ என்று சொல்லக்கூடாதாம், ‘தீஸ்’ என்று சொல்ல வேண்டுமாம். ஒற்றைச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தையே கூப்பிடுவதுபோல் கூப்பிடச் சொல்கிற இந்தப் பாஷையோடு எனக்கு இரண்டு வருஷமாகத் தகராறு.

மற்றவர்களுக்கு இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். எனக்கு வேலை விஷயம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவும் பிரிவில் நான் இருக்கிறேன். கத்தரி, இடுக்கி, கொக்கி, கத்தி எல்லாம் மேலிருந்து ரத்தமும் கறையுமாக எங்களிடம் இறங்கி வரும். எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்குள் ஆளுயரத்துக்கு ஒரு கழுவும் மிஷின். அதற்கு இரண்டு கண்ணாடிக் கதவு. நாங்கள் இந்தக் கதவைத் திறந்து அழுக்கை உள்ளே தள்ளுவோம். அவர்கள் அந்தக் கதவைத் திறந்து சுத்தமானதை எடுப்பார்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கவே திறக்காது. நாமே பிடித்து இழுத்தாலும் மிஷின் விடாது.

எங்கள் பக்கம் ரப்பர் ஏப்ரன், முகத்துக்கு மூடி, எந்நேரமும் ஆவி, காது கிழிகிற சத்தம். அந்தப் பக்கம் நீளமான ஜன்னல், நல்ல வெளிச்சம், உட்கார நாற்காலி. ஆறு வருஷமாக நான் இந்தப் பக்கம். நாற்காலிக்காக ஆசைப்பட்டேனா என்றால், ஆமாம், அதற்கும்தான் ஆசைப்பட்டேன். கால் என்ன இரும்பிலா செய்திருக்கிறது? ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் ஒவ்வொரு கருவியையும் விளக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, திறந்து மூடி, வரிசையாக ட்ரேயில் அடுக்கிக் கட்டுவார்கள். நான் தேய்த்துத் தேய்த்து அனுப்பியது கடைசியில் என்ன அழகில் போய்ச் சேருகிறது என்று ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்று மனது அடித்துக்கொள்ளும்.

அங்கே போக ஒரு வாய்ப் பரீட்சை உண்டு. அந்த அறையில் பத்துப் பாஷை பேசுகிறவர்கள் வேலை செய்வதால் உத்தரவெல்லாம் இங்கிலீஷில்தான். அதுவும் முக்கால்வாசி இந்த நாலு வார்த்தையில்தான். இதை எடு, அதைக் கொடு, இதுகளை அடுக்கு, அதுகளைக் கழுவ அனுப்பு. திஸ், தட், தீஸ், தோஸ். மூன்று தடவைதான் அந்தப் பரீட்சைக்குப் போகலாம். மூன்றிலும் தோற்றால் ஓய்வு பெறும்வரை ரப்பர் ஏப்ரன்தான்.

இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. முதல் தடவை மேஜை ஓரத்தில் கிடந்த நாலு இடுக்கிகளைக் காட்டி “கிவ் மீ தோஸ்” என்றார்கள். நான் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக நின்றேன். நம் வீட்டில் “அதை எடு” என்றால் அது ஒன்றா, ஒரு குவியலா என்று பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அதற்காகத் தனியாக ஒரு வார்த்தையா வைத்திருக்கிறோம்? இரண்டாவது தடவை பரீட்சை வைத்தவர் கையில் இருந்த கத்தரியைக் காட்டி “திஸ் சிஸர்ஸ்” என்றேன். ஒரே வார்த்தையில் இரண்டு தப்பு, அவர் கையில் இருப்பதால் அது தூரம், கத்தரி என்பதால் அது கூட்டம். அந்த மனுஷன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஏதோ கிறுக்கினார்.

மூன்றாவது பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அவர் ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கிவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிய வாத்தியார் மாதிரி சமையலறையில் உட்கார்ந்தார்.

“ரொம்ப சிம்பிள். பக்கத்துல இருந்தா திஸ். தூரத்துல இருந்தா தட்.”

“எத்தனை அடி?”

“என்ன எத்தனை அடி?”

“பக்கம்னா எத்தனை அடி வரைக்கும் பக்கம்? எந்த அடியிலேர்ந்து தூரம் ஆரம்பிக்குது?”

அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதில் அடிக்கணக்கு இல்லை. மனுஷன் எழுந்து போய் அளவு டேப்பை எடுத்துவந்தார். சர்க்கரை டப்பா ஒன்றரை அடி, திஸ். வாசல் செருப்பு பதினொரு அடி, தட். சரி. நடுவில் ஐந்தாவது அடியில் இருந்த வாளியில்தான் சண்டை வந்தது. அவர் தட் என்றார், நான் திஸ் என்றேன். அரை மணி நேரம் கத்தியதில் மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்துவிட்டாள். அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“அண்ணா, டேப்பை உள்ள வை. அண்ணி, இன்னிக்கிலேர்ந்து பரீட்சை முடியுற வரைக்கும் இந்த வீட்ல யாரும் இது, அதுன்னு சொல்லக்கூடாது. நாலு வார்த்தையும் இங்கிலீஷ்லதான். தப்பா சொன்னவங்க பாத்திரம் கழுவணும்.”

அன்றிலிருந்து எங்கள் வீடு பைத்தியக்கார வீடு ஆயிற்று. “தோஸ் சட்டை எல்லாம் எப்போ மடிக்கப்போறீங்க?” “திஸ் பல்பு எரியலையே.” “யாரு தட் கதவைச் சாத்தாம வந்தது?” எங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸில் ஒரு பெரியவரிடம் “தட் ஸ்டாப்ல இறங்குங்க ஐயா” என்று சொல்லி, அவர் பயந்துபோய் முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாராம். பாத்திரம் மட்டும் தினமும் என் தலையில்தான். ஆஸ்பத்திரியிலும் கழுவல், வீட்டிலும் கழுவல்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கத்தரிதான் அடங்கவில்லை. கத்தரி மட்டும் இல்லை, இடுக்கிக்கும் அதே கதையாம். என் வேலையில் பாதிச் சாமான் அதுதான்.

“அதுல ரெண்டு அலகு இருக்குல்ல? அதான் தீஸ்” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

“உங்களுக்கும்தான் ரெண்டு காலு இருக்கு. உங்களை தீஸ்னு கூப்பிடட்டுமா?”

நாத்தனார் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. அவர் புத்தகத்தை மூடிவிட்டு, “நீ தேறவே மாட்டே” என்று தண்ணீர் எடுக்கப் போனார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் சுருக்கென்றது. தேறாமலே போய்விட்டால் என்ற பயம் எனக்கும் உள்ளுக்குள் இருந்ததுதானே.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தபோது மிஷின்தான் எனக்குப் பாடம் சொன்னது. என்னோடு வேலை செய்கிற அக்காவுக்கு அவருடைய பெரிய தொண்டையின் காரணமாக ‘இடி’ என்று பெயர். அந்தச் சத்தத்திலும் அவர் பேசுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். இடியக்கா ட்ரேக்களை எடுத்துத் தர, நான் “திஸ் ட்ரே, திஸ் ட்ரே” என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே தள்ளினேன். கதவைச் சாத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், அதே ட்ரே. கை நீட்டினால் தொடலாம். ஆனால் தொட முடியாது. கதவு சாத்தியாயிற்று. இனிமேல் அது என்னுடையது இல்லை.

“தட்” என்று தானாக வாயில் வந்தது.

அந்தப் பக்கத்துப் பெண் கதவைத் திறந்து எடுக்கும்போது அவளுக்கு அது திஸ். எனக்கு திஸ்ஸாக இருந்தது, அவளுக்குத் தட்டாக இருந்தது, நடுவில் ஒரு கதவு சாத்தித் திறந்ததும் தலைகீழாக மாறிவிட்டது. ட்ரே அதே ட்ரேதான். அப்படியானால் அடிக்கணக்கு இல்லை, இஞ்ச் கணக்கும் இல்லை. யார் கைக்குள் இருக்கிறது, யார் பக்கம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நான் “ஆ!” என்று கத்திவிட்டேன்.

இடியக்கா பதறி ஓடிவந்தார். “கையைச் சுட்டுக்கிட்டியா?”

“இல்லக்கா. இங்கிலீஷ் புரிஞ்சிருச்சு!”

“அடிப்பாவி, இதுக்கா இந்தக் கூச்சல்?” என்றார், கூச்சலில் பட்டம் வாங்கியவர். நான் விளக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார். “எங்க வீட்டு மனுஷன் சோபாவுல என் பக்கத்துலயேதான் உக்காந்திருக்காரு. டிவியைப் போட்டுட்டா நான் கூப்பிடறது காதுல விழாது. அவரு திஸ்ஸா, தட்டா?”

“தட்டேதான் அக்கா.”

“எனக்கும் புரிஞ்சிருச்சு” என்றார் இடியக்கா. அன்று முழுக்க நாங்கள் சிரித்துக்கொண்டே கழுவினோம். வாளிச் சண்டையில் ஜெயித்தது நான்தான் என்று வீட்டில் போய் அறிவித்தேன். வாளியை எடுத்துத் துணி துவைக்கிறது நான், அதனால் அது எங்கே இருந்தாலும் எனக்கு திஸ்.

பரீட்சை அன்று காலையில் தலைக்குத் தொப்பி, மேலுக்குக் கவுன், கைக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, கையை நெஞ்சுக்கு நேராகக் கோத்துக்கொண்டு அந்தப் பக்கத்து அறைக்குள் போனேன். அங்கே அப்படித்தான் நிற்க வேண்டும், எதன் மேலும் கை படக்கூடாது. அந்த அறையின் சூப்பர்வைசர் ஒரு அம்மா. ஓயாமல் மணி பார்ப்பதால் எங்களுக்குள் அவருக்கு ‘கடிகாரம்’ என்று பெயர். கடிகாரம் சுவரோரம் கைகட்டி நின்றார். மேஜையில் நீலத் துணி விரித்து, அதன் மேல் பன்னிரண்டு கருவிகள் வைத்த ஒரு ட்ரே. எனக்கு அடுத்து பரீட்சைக்கு வந்த நாலு பேர் வெளியே பெஞ்சில் இருந்தார்கள்.

பரீட்சை வைக்க வந்தவர் புது ஆள். உருண்டை முகம், நல்ல மனுஷனாகத் தெரிந்தார். பாவம், கடுமையான ஜலதோஷம். மூக்கு சிவந்து கிடந்தது. முதல் கேள்விக்கு நாலு கொக்கிகளைக் காட்டி ‘தோஸ்’ கேட்டார், நாலையும் கொடுத்தேன். இரண்டாவதற்கு என்னை ஒரு கத்தியை எடுக்கச் சொல்லி, அது என்ன என்று கேட்டார், ‘திஸ்’ என்று சொன்னேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தாலும் சரியாக வந்தது. கடிகாரம் தலையை ஒரு நூல் ஆட்டினார்.

அப்போதுதான் அந்த மனுஷன் தும்மினார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார், பைக்குள் போட்டார், அதே வெறுங்கையால் ட்ரேயிலிருந்து கத்தரியை எடுத்து என் முன்னால் நீட்டி, “வாட் ஆர் தீஸ்?” என்றார்.

எனக்குப் பரீட்சை மறந்துபோயிற்று. எங்கள் பிரிவில் ஒரு சட்டம் இருக்கிறது. சந்தேகம் வந்த ட்ரே அப்படியே கழுவப் போக வேண்டும். ஒரு கருவி மேல் சந்தேகம் என்றாலும் மொத்த ட்ரேயும் போக வேண்டும். தொட்டவர் யார், எவ்வளவு பெரிய டாக்டர் என்றெல்லாம் கேட்கக்கூடாது. ஆறு வருஷமாக அந்தச் சட்டத்தில் ஊறியவள் நான். உச்சந்தலை வரை கோபம் ஏறிவிட்டது.

“நோ சார்! தட் ஹேண்ட் இஸ் டர்ட்டி! நவ் தீஸ் ஆர் டர்ட்டி! புட் தோஸ் டவுன்! திஸ் ட்ரே இஸ் கோயிங் பேக்!”

அவர் கத்தரியைத் தொப்பென்று போட்டார். நான் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போய், சுவரில் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாக எங்கள் பக்கம் தள்ளி, மணியை அடித்தேன். அந்தப் பக்கம் இடியக்கா கேள்வியே கேட்காமல் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மிஷின் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

கடிகாரம் மெதுவாக என் பக்கத்தில் வந்து, எந்த உணர்ச்சியும் இல்லாமல் இங்கிலீஷில் சொன்னார். அது பரீட்சைக்கென்றே வைத்திருக்கிற ட்ரே. எல்லாம் மழுங்கிப்போன பழைய கருவிகள். வருஷக்கணக்காக அலமாரியில் கிடக்கின்றன. எந்த நோயாளிக்கும் போகப்போவதில்லை. இருப்பதும் அந்த ஒரு ட்ரேதான். மிஷின் ஓடி முடிய ஐம்பது நிமிஷம் ஆகும். வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த அந்த விஷயம், அழுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. கடைசி வாய்ப்பையும் நானே கையால் தூக்கி ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டேன். பரீட்சை வைக்க வந்தவரை அழுக்குக் கை என்று வேறு திட்டியிருக்கிறேன். அழக்கூடாது, அழுதால் கண்ணைத் துடைக்க இந்தக் கையைத் தூக்க முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மனுஷன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நேரே மூலையில் இருந்த குழாய்க்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவிவிட்டு வந்தார். அந்த ட்ரே இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டுகிறேன், வாருங்கள் என்று மிஷின் பக்கம் கூட்டிப்போனேன். வேறென்ன செய்ய?

கண்ணாடிக் கதவுக்குள் தண்ணீர் சுழன்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து பார்த்தார். அது என்ன என்றார். “தட் இஸ் ஹாட் வாட்டர்” என்றேன். கை மாதிரி சுற்றுகின்றனவே, அவை என்ன என்றார். சொன்னேன். இந்தக் கதவைத் திறந்து பார்க்கலாமா என்றார். கூடவே கூடாது, அழுக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும், அந்தக் கதவு திறந்திருக்கும்போது இந்தக் கதவு பூட்டிக்கொள்ளும், இந்தக் கதவு திறந்தால் அந்தக் கதவு பூட்டிக்கொள்ளும் என்று விளக்கினேன். எனக்குப் பிடித்த மிஷினைப் பற்றி யாராவது கேட்டால் நான் சும்மா இருப்பேனா? பரீட்சைதான் போய்விட்டதே, இனி யாருக்குப் பயம்? தெரிந்த இங்கிலீஷை வைத்து வெளுத்துக் கட்டினேன். தெரியாத இடத்தில் கையை ஆட்டிக் காட்டினேன்.

கடைசியாக ஒன்று கேட்டார். கத்தரியை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பரீட்சையைத் தொடர்ந்திருக்கலாமே, மேலதிகாரி முன்னால் இவ்வளவு தைரியம் எதற்கு? நான் யோசிக்கவில்லை. மேலே, ஆபரேஷன் அறை இருக்கிற திசையைக் காட்டினேன்.

“தட் பெர்சன் இஸ் ஸ்லீப்பிங், சார். தட் பெர்சன் கேனாட் சீ திஸ்.”

திரும்பிப் பார்த்தால் கடிகாரமும் எங்கள் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. அவர் ஆர்வத்தில் கையை நீட்ட, நான் மறுபடியும் ஒரு சத்தம் போட்டேன். “நோ! தோஸ் ஆர் ஹாட்!” அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். தானே ஒரு ஜோடி உறையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். ட்ரே மேஜைக்கு வந்ததும் நான் பழையபடி கையைக் கோத்துக்கொண்டு, இதே ட்ரேயை வைத்து என் பரீட்சையைத் தொடரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

உங்கள் பரீட்சை முடிந்து நாற்பது நிமிஷம் ஆகிறது, அடுத்தவரை வரச் சொல்லுங்கள் என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. மிஷின் முன்னால் நான் பேசியதுதான் பரீட்சை, அதில் தேறிவிட்டாய் என்று கடிகாரம்தான் என் முதுகில் தட்டிச் சொன்னார். நான் வேலைக்கு வந்த ஆறு வருஷத்தில் அந்த அம்மா சிரித்துப் பார்த்தது அன்றுதான். நான் வெளியே ஓடிவந்து, பெஞ்சில் இருந்த நாலு பேரையும், யார் எவர் என்றுகூடப் பார்க்காமல், ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் ஜன்னல் வழியாக வெயில் மேஜை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் முதன்முறையாக அந்தக் கதவை நான் திறந்தேன். ட்ரேயை வெளியே எடுத்ததும் மிஷின் காலி. உள்ளே குனிந்தால் எதிர்க் கண்ணாடி வழியாக அந்தப் பக்கம் தெரிந்தது. ஈரத் தரை, ஆவி, என் ஏப்ரன் தொங்கிய கொக்கி. இடியக்கா முகமூடியைத் தூக்கி, கண்ணாடியில் மூக்கு நசுங்க ஒட்டிக்கொண்டு பார்த்தார். இரண்டு கதவையும் தாண்டி அவர் குரல் கேட்டது.

“ஏய் தட்டு!”

“சொல்லுங்க தட்டக்கா!” என்று நானும் கத்தினேன். ஆறு வருஷம் நான் நின்ற தரை, கண்ணுக்கு எதிரே இருந்தும், இப்போது அந்தப் பக்கம்.

ட்ரேயை மேஜைக்குக் கொண்டுவந்து, முதல் கத்தரியை எடுத்து விளக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கத்தரி தேய்த்திருப்பேன். அந்த ஆவியில் அது ஒரு வழுக்குகிற இரும்பு, அவ்வளவுதான். இந்த வெளிச்சத்தில் மெல்லத் திறந்து மூடினேன். இரண்டு அலகு. தனித்தனியாக இரண்டு. நடுவில் ஒரு சின்ன ஆணி. ஒன்றின் மேல் ஒன்று சிக்காமல் வந்து நுனியில் சரியாகச் சேர்ந்தது. எவ்வளவு அழகு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“தீஸ்” என்றேன் வாய்விட்டு.

இதில் எங்கள் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் அதை இதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.